கெப்ராச்சோவுக்கு ஒரு சாம்பல் அடை

செவேராவுக்கும் அந்த மரத்துக்கும் நாற்பத்திரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மரம் என்றால் ஏதோ வேலியோரத்துப் புதர் என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்புக் கெப்ராச்சோ. கோடாலியை ஓங்கினால் கோடாலிதான் உடையும், அப்படிப்பட்ட மரம். செவேராவின் மேய்ச்சல் நிலத்துக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாருக்கும் வழிவிடாமல் நிற்கிறது. எங்கள் சாக்கோ காட்டுப் பக்கம் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும்: அதன் நிழலில் கால் வைக்குமுன் நின்று, "வணக்கம் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நுழைந்தால் மரம் அம்பு விடும். கண்ணுக்குத் தெரியாத அம்பு. மறுநாள் முகம் பூசணியாய் வீங்கி, கண் மூடி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்துவிடும்.

செவேராவுக்கு ஒன்பது வயதில் அது நடந்தது. ஆட்டுக்குட்டி ஒன்றைத் துரத்திக்கொண்டு நிழலுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தாள், அவ்வளவுதான். விடிந்தபோது இரண்டு கண்ணும் திறக்கவில்லை. அம்மா அடுப்புச் சாம்பலையும் உப்பையும் பிசைந்து ஒரு அடை தட்டி, கூடவே சிவப்பு நூலும் கொடுத்து, "போ, நூலை அதோட இடுப்புல கட்டிட்டு, அடையை அடியில வெச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்று அனுப்பினாள். தடவித் தடவிப் போன செவேரா நூலைக் கட்டவில்லை. அடையை மரத்தின் மேல் விட்டெறிந்தாள். "ஆட்டுக்குட்டியும்தானே ஓடிச்சு, அதை மட்டும் ஏன் விட்டே? போடா தடியா!" என்று கத்திவிட்டு வந்தாள்.

வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. உறவு அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு கல்யாணமாகி, ஃபெர்மின் அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்து, அப்பா அம்மா போய்ச் சேர்ந்து, நிலமும் மாடுகளும் அவள் கைக்கு வந்தபிறகும் அந்த நிழலை அவள் மிதித்ததில்லை. மாடுகள் காட்டிலிருந்து திரும்பியதும் அங்கேதான் படுக்கும். அவள் நிழலின் விளிம்பில் நின்று சீட்டியடிப்பாள். ஃபெர்மினோ ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றி, "வணக்கம் ஐயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். சொந்த மாமனாரிடம்கூட அவன் அவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகவே இருந்திருக்கும், போன வசந்தத்தில் துகேசா சாகாமல் இருந்திருந்தால்.

துகேசா அவர்களுடைய நல்ல கறவை. குதிரைமசால் தீவனப் பயிர் கொழுந்துவிட்ட நேரம், பனி காயுமுன் மேய்ந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இடது வயிறு மத்தளமாய் ஏறிவிட்டது. ஃபெர்மின் கத்தியை எடுத்துக் குத்திப் பார்த்தான். கை நடுங்கி இடம் தப்பியது. மாடு அவன் மடியிலேயே தலையைப் போட்டுக்கொண்டு செத்தது.  அன்று சாயங்காலம் அவன் சொன்னது இதுதான்:

"கிழவி, கேட்டுக்கோ. இன்னொரு மாடு வயிறு ஊதிச் செத்துச்சுன்னா, நான் இந்த மசாலை உழுதுபோட்டுடுவேன். மாட்டையெல்லாம் ஓட்டி வித்துட்டு ரெசிஸ்தென்சியாவுல தம்பி வீட்டுக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கலாம். இன்னொண்ணு என் மடியில சாகறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

செவேராவுக்கு அந்த நகரத்தில் அரை நாள் இருந்தாலே மூச்சு முட்டும். ஆனாலும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஃபெர்மின் விளையாட்டுக்குச் சொல்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? அவன் நிஜமாகத்தான் சொன்னான்.

அடுத்த வசந்தமும் வந்துவிட்டது. மசால் மறுபடி கொழுந்துவிட்டது. மாடுகள் ஒன்பது. அதில் மோரா என்ற கருஞ்சிவப்புக் கிடேரி, துகேசாவின் மகள், தலைச்சினை.

அப்போதுதான் ஆற்றோரத்து ஊரின் துவர்ப்பு ஆலையிலிருந்து மாட்டு டாக்டர் கோவாலிக் வண்டியில் வந்து இறங்கினான். வெயிலில் காது வெந்து சிவந்த வெள்ளைக்காரக் குடியேறியின் பேரன். ஊரே அவனை கிரிங்கோ என்றுதான் கூப்பிடும். பின்பக்கத்திலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, வாயைப் பிரித்துக் காட்டினான். செங்கல் நிறத்தில் மெல்லிய தூள். பெரியவர்களைத் தோஞா, தோன் என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"தோஞா செவேரா, இனிமே உங்க மாடு உப்புசத்துல சாகாது. பச்சை மசால் வயித்துக்குள்ள போய் சோப்பு மாதிரி நுரைச்சுக்குது. காத்து வெளிய வர வழியில்லாம அடைச்சுக்குது. இந்தத் தூள் இருக்கே, இது அந்த நுரையைக் கட்ட விடாது. மாட்டுக்கு ரெண்டு கைப்பிடி. கரும்புப்பாகுல கலந்து, மசாலுக்கு விடறதுக்கு முந்தி கொடுங்க. பத்து நாள்ல பழகிடும்."

செவேரா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். வாய் முழுவதும் சுருக்கென்று இழுத்துக்கொண்டது.

"என்ன தம்பி இது, இந்தத் துவர்ப்பு துவர்க்குது?"

"மரச்சாறுதான். காய்ச்சித் தூளாக்கினது. முன்னெல்லாம் தோல் பதனிட மட்டும் போச்சு, இப்ப தீவனத்துக்கும் போகுது. நம்ம கெப்ராச்சோதான்."

செவேரா கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

ஃபெர்மின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போச்சுடா! டாக்டர், உலகத்துல எந்த மரம் வேணா கொண்டாந்திருக்கலாம். அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது."

"எவங்க ரெண்டு பேருக்கு?"

"நீ சும்மா இரு கிழவா" என்றாள் செவேரா.

முதல் நாள் அவள் கையுறை போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடியே கலந்து தொட்டியில் கொட்டினாள். மணி கட்டிய மாடு காம்பானாதான் எப்போதும் முதலில் வாய் வைக்கும். மோந்து பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டியது. பிறகு மூக்கால் ஒரு ஊது ஊதியது பாருங்கள், அந்தத் தூளும் பாகும் செவேராவின் முகத்தில்! மற்ற மாடுகளும் திரும்பிக்கொண்டன. மதியத்துக்குள் அவள் மணிக்கட்டில் வரிவரியாகத் தடிப்பு. வேர்க்குருவோ வேறு எதுவோ, யார் கண்டது. செவேராவுக்கு மட்டும் அது யாருடைய வேலை என்பதில் சந்தேகமே இல்லை.

அன்று மதியத் தூக்கத்தில் அவர் வந்தார்.

எங்கள் ஊரில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை உலகம் நின்றுவிடும். நாய்கூடக் குரைக்காது. சன்னலைச் சாத்திய அறைக்குள் வெளிச்சம் தேன் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நேரம் அது. அந்த நேரத்தில் அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு, சிவப்புப் போர்வை போர்த்த ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்தார். தலை உத்தரத்தில் இடிக்காமல் இருக்கக் குனிந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. உள்ளங்கையை விரித்து நீட்டினார். பட்டை பட்டையாக வெடித்த கை. வெடிப்புகளுக்குள் செங்கல் நிறத் தூள்.

"என்ன வேணும்?" என்றாள் செவேரா. அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

விழித்தபோது தலையணை வியர்வையில் ஊறிக் கிடந்தது.  ஆனால் விஷயம் அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அந்தத் தூள் அவருடைய ரத்தம். அதைத் திருப்பிக் கேட்கிறார். பகையாளியின் ரத்தத்தை எடுத்துத் தன் மாட்டுக்குப் போட்டால் அது மருந்தாகுமா? மாட்டைக் கொல்லவல்லவா கொல்லும்! கிரிங்கோவுக்கு என்ன தெரியும், அவன் புத்தகம் படித்தவன்.

மறுநாளிலிருந்து அவள் செய்த காரியத்தை நான் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. அல்காரோபா காய் மாவு வீட்டில் நிறைய இருந்தது. அதுவும் கிட்டத்தட்ட அதே நிறம், தேனாய் இனிக்கும். அதைப் பாகில் குழைத்துத் தொட்டியில் கொட்டினாள். மாடுகள் தொட்டியின் மரத்தையே நக்கித் தேய்த்தன. ஃபெர்மின் எட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, பழகிடுச்சு!" என்றான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதிய வேகத்தில் சாம்பல் பறந்தது.

நிஜத் தூளை என்ன செய்தாள்? சொந்தக்காரருக்கே கொடுத்தாள். தினமும் மாட்டுக்கு ரெண்டு கைப்பிடி என்ற அதே கணக்கில் அள்ளி, சாம்பலும் உப்பும் கொஞ்சம் சோளமாவும் சேர்த்துப் பிசைந்து அடைகளாகத் தட்டினாள். ஃபெர்மின் குறட்டை விட ஆரம்பித்ததும் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒன்பது வயதில் செய்யாததை ஐம்பத்தோரு வயதில் செய்துவிடலாம் என்ற முடிவு. மாடுகள் அந்த நேரத்தில் இன்னும் காட்டுப்பக்கம் திரிந்துகொண்டிருக்கும். வெளியே ஈ காக்கை கிடையாது. நிலத்திலிருந்து வெக்கை எழும்பி, மரம் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல அசைந்தது. நடக்கிற தன் காலே தன்னுடையது மாதிரி இல்லை அவளுக்கு.

ஆனால் நிழலுக்குள் போகத் துணிச்சல் வரவில்லை. விளிம்பில் நின்று, அடைகளைத் தரையில் வைத்து, நீளக் கழியால் ஒவ்வொன்றாக அடிமரம் வரைக்கும் தள்ளிவிட்டாள். "இந்தாங்க. உங்களோடதுதான். எடுத்துக்கோங்க. என் மாட்டை விட்டுடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கட்டலாமென்று கொண்டுபோன சிவப்பு நூல் பாவாடைப் பைக்குள்ளேயே இருந்தது. அதைக் கட்டவேண்டுமானால் மரத்தைத் தொட வேண்டுமே! படையலை வைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள்.

அடுத்த நாள் போனபோது ஒரு அடையும் இல்லை. துளிகூட இல்லை. தரை சுத்தமாகப் பெருக்கினாற்போல் இருந்தது.

செவேரா குனிந்து குனிந்து தேடிப் பார்த்தாள். அவர் சாப்பிட்டிருக்கிறார்!

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அடைகள் கூடினாலும் குறைந்தாலும் அவர் மிச்சம் வைப்பதில்லை. மதியத் தூக்கத்திலும் இப்போது வேறு மாதிரி வந்தார். கையை நீட்டுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சும்மா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் தலைமுடியில் குருவிக்கூடு ஒன்று இருந்தது. செவேராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே விழித்தாள்.

"என்ன கிழவி, தூக்கத்துல யாரோட கொஞ்சல்?" என்றான் ஃபெர்மின்.

"உன்னைவிட நல்ல ஆளோட."

"அப்படியா, அவனையே பால் கறக்கச் சொல்லு."

மோராவை மட்டும் அவள் மரத்துப் பக்கமே விடவில்லை. என்னதான் சமாதானம் ஆனாலும் தலைச்சினைக் கிடேரியைக் கொண்டுபோய் அந்த நிழலில் படுக்கவைக்க மனசு வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பட்டியிலேயே அடைத்து, காய்ந்த புல்லும், தொட்டியில் மற்ற மாடுகளுக்குப் போலவே அல்காரோபா மாவும் போட்டாள். தன் கையாலேயே அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டாள். இத்தனை அன்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு அப்போது தெரியாது, பாவம்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் வந்தான். நேரே போய்ச் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தான். இறுக்கமாக, கருப்பாக இருந்தது.

"அருமை! துவர்ப்பு வேலை செய்யுது தோஞா. சாணமே சொல்லுதே. நீங்க ரொம்ப ஒழுங்காப் போட்டிருக்கீங்க."

செவேராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கைப்பிடிகூட போடவில்லையே, எப்படி? பிறகு அவளாகவே பதில் கண்டுபிடித்துக்கொண்டாள். மரம் மனமிறங்கிவிட்டது. தன் ரத்தம் திரும்பிக் கிடைத்ததும் மாடுகளை அதுவே காத்துக்கொள்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கு அவள் டாக்டருக்கு மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். ஃபெர்மின் புருவத்தை உயர்த்தினான்.

"பொழைச்சோம்னு சொல்லுங்க டாக்டர்" என்றான் அவன்.

"இந்தக் கொழுந்துக் காலம் தாண்டட்டும் தோன் ஃபெர்மின். ஈரத்துல மட்டும் மசாலுக்கு விட்டுடாதீங்க."

மூன்று நாள் கழித்து விடியற்காலையில் காற்றோடு மழை பெய்தது. பத்து நிமிஷம்தான். வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்து கம்பி தரையைத் தொட்டுவிட்டது. காம்பானா மணியடித்துக்கொண்டு முதலில் தாண்டியது. பின்னாலேயே எல்லாம். பட்டிக்குள் நின்ற மோரா அதைப் பார்த்துவிட்டுக் கதவுக் கட்டையை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. செவேராவும் ஃபெர்மினும் மாத்தேக்குத் தண்ணீர் சுட வைத்துவிட்டு வெளியே வந்தபோது, மழை முத்து முத்தாய் நிற்கிற மசாலில் ஒன்பது மாடும் வயிறு முட்ட மேய்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ, கெட்டோம்!" என்று ஃபெர்மின் தலையில் கை வைத்தான்.

ஓட்டி வெளியே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மாட்டின் இடது விலாவிலும் கை வைத்துப் பார்த்தாள் செவேரா. காம்பானா மெத்தென்று இருந்தது. அடுத்தது மெது. அடுத்ததும் மெது. எட்டு மாடும் ஒன்றுமே நடக்காதது மாதிரி அசைபோட்டு நின்றன. மோராவின் விலாவில் கை வைத்தாள். கல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உயர்ந்தது. மோரா கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே தள்ளி, ஒரு தடவை முனகிவிட்டு முன்னங்காலை மடக்கியது.

செவேரா டாக்டருக்குப் போன் போட்டாள். சேற்றுப் பாதை, ஒன்றரை மணி நேரமாகும். "அதுவரைக்கும் தாங்காது தோஞா. எழுந்து நிக்குதா?"

"படுத்துடுச்சு தம்பி!"

"அப்ப கத்திதான். இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால ஒரு கை அகலம், உச்சியில. சின்னதாக் குத்தாதீங்க, நுரை வராது. ஒரு கை நுழையற அளவுக்குக் கிழிங்க. வீட்ல இருக்கிற எண்ணெயெல்லாம் உள்ள ஊத்துங்க."

ஃபெர்மின் கத்தியோடு நின்றான். கத்தி அவன் கையில் தடதடவென்று ஆடியது. "என்னால முடியாது. செவேரா... போன தடவை இதே கையாலதான்..." அவன் கண்ணில் நீர் முட்டியது.

"கொடு இப்படி."

"தப்பிடுச்சுன்னா..."

"தப்பிடுச்சுன்னா நாம ரெசிஸ்தென்சியாவுல உக்காந்து பஸ்ஸை எண்ணிக்கிட்டிருக்கலாம். கொடுய்யா! நீ போய் எண்ணெய் கொண்டா."

அவள் விலாவை எண்ணினாள். கை அகலம் வைத்தாள். மோராவின் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்காது. கத்தி இறங்கியபோது தோல் கிழிகிற சத்தம் கேட்டது, பிறகு பச்சை நுரை, பொங்கின பால் வழிவது போல, அவள் முழங்கை வரைக்கும் வந்தது. ஃபெர்மின் சூரியகாந்தி எண்ணெய் ஐந்து லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தான். அடுக்களையில் இருந்த பன்றிக்கொழுப்பைக்கூட உருக்கிக் கொண்டுவந்து ஊற்றினான். இரண்டு பேரும் சேற்றில் மண்டியிட்டு, அந்தக் கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். நுரை மெல்ல மெல்ல உடைந்து காற்றாக வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதைவிட நல்ல வாசனையைச் செவேரா வாழ்நாளில் முகர்ந்ததில்லை.

டாக்டர் வந்தபோது மோரா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கழுவி, மருந்து வைத்து, தையல் போட்டான். கன்றும் வயிற்றில் அசைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், மற்ற எட்டையும் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் ஏன்? எல்லாம் ஒரே மசாலைத்தானே தின்னுச்சு. இதுக்குத் தூள் போடலையா தோஞா?"

செவேரா சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். இனிமேல் எதை மறைப்பது?

"எதுக்குமே போடலை."

"என்னது?"

"ஒரு நாளும் போடலை. அல்காரோபா மாவுதான் போட்டேன். தூளையெல்லாம் அவருக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்." அழுகை உடைந்து வந்துவிட்டது. கனவையும் அடையையும் கழியையும் எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "அவர் சாப்பிட்டுட்டார். தினமும் சாப்பிட்டார். எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன்..."

டாக்டர் ஃபெர்மினைப் பார்த்தான். ஃபெர்மின் டாக்டரைப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் மரத்தடிக்கு நடந்தார்கள். செவேரா வழக்கம்போல விளிம்பிலேயே நின்றுவிட்டாள். அடிமரத்தைச் சுற்றிக் குளம்புத் தடமாக இருந்தது. மாட்டு நாக்கு உயரத்துக்குப் பட்டை வழவழவென்று நக்கப்பட்டு, அதில் செங்கல் நிறம் அப்பியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காம்பானா மணியை ஆட்டிக்கொண்டு வந்து, வேர் இடுக்கில் கிடந்த நேற்றைய பொருக்கு ஒன்றை நாக்கால் சுழற்றி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"உப்பு!" என்று டாக்டர் தொடையில் தட்டினான். "உப்புக்கு ஆசைப்பட்டுத் துவர்ப்பையும் சேர்த்துத் தின்னிருக்கு. தோஞா, நான் பாகுல போடச் சொன்னேன், அது மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நீங்க உப்பும் சாம்பலும் போட்டுத் தின்ன வெச்சுட்டீங்க. தினமும் மசாலுக்குப் போறதுக்கு முந்தி, அதுவும் சரியான நேரத்துல! இங்க வராத மாடு ஒண்ணுதான் விழுந்திருக்கு."

செவேராவுக்கு முகம் விழுந்துவிட்டது. மாடுகள் பிழைத்தது சந்தோஷம்தான். ஆனால் பதினைந்து நாளாக அவர் சாப்பிட்டார் என்று நினைத்திருந்தாளே. அப்படியானால் அவர் தொடவே இல்லை. கோபம் தீரவில்லை. சொல்லப்போனால் அவளுக்கு அது மோரா விழுந்ததைவிடவும் வலித்தது.

ஃபெர்மின் அவள் முகத்தைப் படித்துவிட்டான். "அட, ஏன் இப்படி நிக்கறே? மரம் தின்னா என்ன, மாடு தின்னா என்ன? அவருக்குன்னு வெச்சே. அவர் தூக்கி நம்ம மாட்டுக்குக் கொடுத்துட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளி தட்டை நம்ம பிள்ளை பக்கம் தள்ளறதில்லையா?"

"கேலி பண்ணாத கிழவா."

"சத்தியமா கேலி பண்ணலை."

நாலாம் நாள் மோரா எழுந்து நன்றாக நடந்தது. இனி அதற்கும் அடை தரவேண்டும். தூளும் புது மூட்டை வந்துவிட்டது. ஆனால் தையல் போட்ட கிடேரி, செவேரா கூட வராமல் ஒரு அடி நகர மாட்டேனென்றது. உச்சிவெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விளிம்பு வரை வந்தாள். நின்றாள். மோரா அவள் தோளில் மூக்கை வைத்துத் தள்ளியது.

"வணக்கம் ஐயா" என்றாள் செவேரா. குரல் வெட்டென்று, சண்டைக்காரியின் குரலாகவே வந்தது. சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

நிழல் குளிர்ந்திருந்தது. இத்தனை வருஷமும் இவ்வளவு குளிர்ச்சி இங்கேயே இருந்திருக்கிறது என்று நினைத்தாள். மோரா அவள் கையிலிருந்தே அடையைத் தின்றது. மேலே சிறு இலைகள் சல்லடையாய் வெளிச்சத்தைச் சலித்துக்கொண்டிருந்தன. தூங்கிவிடலாம்போல இருந்தது. நூல் பையில்தான் இருந்தது. கையை அடிமரம் வரைக்கும் கொண்டுபோனாள். தொட முடியவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்கவில்லை.

ஃபெர்மின் அவளைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு ஈரத்துணி நனைத்துக் கொண்டுவந்து கண்ணில் போட்டான். "வணக்கம் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்யா!"

"நீ சொன்ன வணக்கம் எனக்குத் தெரியும். கடன்காரனைக் கூப்பிடற மாதிரி சொல்லியிருப்பே."

மதியம் அவள் இருட்டுக்குள் படுத்திருந்தாள். இருட்டும் சிவப்பாக இருந்தது. வீடு அமைதி. அடுக்களையில் யாரோ சாம்பல் வாரும் சத்தம் கேட்டது. உப்புக் கலயம் திறக்கும் சத்தம். பெரிய கைகள் எதையோ பிசைந்தன. அவர் வந்துவிட்டார் என்று நினைத்தாள். நாற்காலி முனகும் என்று காத்திருந்தாள். முனகவில்லை. கதவு சாத்தியது. காலடி வெளியே போனது.

அசையாத காற்றில் வெகு தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வணக்கம் ஐயா. நான்தான் ஃபெர்மின். செவேராவோட புருஷன். தினம் பார்க்கறீங்களே, தெரியும். அவ ஒன்பது வயசுல உங்களைத் தடியான்னு சொல்லிட்டாளாம். தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க. என்னையும் அப்படித்தான் சொல்றா, தினமும் சொல்றா, ஆனா என் மாட்டை அவதான் காப்பாத்தினா. என் கை நடுங்குச்சு, அவளுக்கு நடுங்கலை." ஒரு இருமல் கேட்டது. பிறகு: "நாங்க ரெசிஸ்தென்சியாவுக்குப் போகலை ஐயா. எங்கேயும் போகலை. அவ இங்கயேதான் இருப்பா. அதனால நீங்க ரெண்டு பேரும் தினம் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிச்சுத்தான் ஆகணும். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

அது கனவா நனவா என்று செவேராவுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கண்ணைத் திறக்க முடியாமல், கையை நீட்டி, கட்டில் தலைமாட்டில் தொங்கிய பாவாடையைத் தேடிப் பிடித்தாள். பைக்குள் விரலை விட்டு மூலைவரைக்கும் துழாவினாள்.

சிவப்பு நூல் அங்கே இல்லை.